கிரானைட் மேடையில் களிமண் ஒட்டுகிறது, காய்ந்ததும் அடி பிளக்கிறது. எதன் மேல் வைத்துச் செய்வது?

மாடிவீட்டு மண்:

வணக்கம். சென்னையில் இரண்டாவது மாடி ஃபிளாட். சக்கரம் கிடையாது, எல்லாம் கையால்தான். அகல், சின்னத் தட்டு, கொலுவுக்குக் குட்டிப் பொம்மை, அவ்வளவுதான் என் உற்பத்தி. மண் ஊர்ப்பக்கம் ஒரு குயவரிடம் வாங்கியது. ஏரி வண்டலில் மணல் கலந்து, மிதித்துப் பதமாக்கிய மண். சுடுவதற்கும் அவர் சூளையிலேயே இடம் தருகிறார்.

சமையலறை கிரானைட் மேடையில் வைத்துப் பூரிக்கட்டையால் தேய்க்கிறேன். கெட்டியாக ஒட்டிக்கொள்கிறது. அடியில் கத்தியை விட்டு எடுத்தால் ஒன்று கிழிகிறது, இல்லாவிட்டால் வளைகிறது. தண்ணீர் தடவிப் பார்த்தேன். மேலே கொழகொழவென்று ஆகிறதே தவிர, ஒட்டுவது நிற்கவில்லை. சன்மைக்கா மேஜை, கண்ணாடி இரண்டிலும் இதே கதை.

அப்படியும் முழுசாகத் தப்பி வருகிற தட்டு, மேடையிலேயே வைத்துக் காயவிட்டால் அடியில் நடுவாக விரிசல் விடுகிறது. விரிசலின் இரண்டு முனையும் ஓரத்தைத் தொடுவதில்லை. மண்ணில் கோளாறா, நான் வைக்கிற இடத்தில் கோளாறா?

பீங்கான் பித்தன்:

மண்ணைக் குறை சொல்லாதீர்கள். கிரானைட், கண்ணாடி, சன்மைக்கா மூன்றும் தண்ணீரை உறிஞ்சாதவை. நீங்கள் அழுத்தித் தேய்க்கும்போது மண்ணின் அடியில் மெல்லிய நீர்ப்படலம் வந்து உட்காரும். நடுவில் காற்றுப் போக வழி இல்லை, அப்படியே பிடித்துக்கொள்ளும். அதன் மேல் தண்ணீர் விட்டால் அந்தப் படலத்துக்குத்தான் தீனி போடுகிறீர்கள்.

தேவைப்படுவது கொஞ்சம் ஈரம் இழுக்கிற பரப்பு. ஜவுளிக்கடையில் காடாத் துணி கேளுங்கள், தடிமனாகக் கிடைத்தால் நல்லது. 18 மி.மீ. பிளைவுட் துண்டு ஒன்றில் சுருக்கமில்லாமல் இழுத்து, பின்பக்கம் ஸ்டேப்ளர் அடித்துவிடுங்கள். வழவழவென்று ஃபிலிம் ஒட்டிய செண்ட்ரிங் பிளை வேண்டாம், அதுவும் கிரானைட் மாதிரிதான். மரநாரை அழுத்திச் செய்கிற எம்டிஎஃப் பலகையும் வேண்டாம், ஈரத்தில் உப்பிவிடும்.

தேய்க்கும்போது நான்கைந்து உருட்டலுக்கு ஒருமுறை மண்ணைத் தூக்கித் திருப்பிப் போடுங்கள். ஒரே பக்கமாக உருட்டினால் துணியிலும் ஒட்டும்.

தட்டோடு தம்பி:

காடா சரிதான். ஆனால் உங்கள் மொட்டை மாடியிலேயே இதைவிட நல்ல பரப்பு இருக்கலாம். பழைய வீட்டு மாடிகளில் பதிக்கிற தட்டோடு. மெருகு ஏற்றாமல் சுட்ட மண், ஈரத்தை நன்றாக இழுக்கும். கட்டடப் பொருள் கடையில் புதிதாக நாலைந்து வாங்கி, கழுவி வெயிலில் காயவைத்துச் சேர்த்து அடுக்கினால் வேலை முடிந்தது. உங்களிடம் கொழகொழத்துப்போன மண் இருக்கிறதே, அதைப் பழைய பருத்தி வேட்டியில் பொதிந்து தட்டோட்டின் மேல் பரப்பி வையுங்கள். சில மணி நேரத்தில் பிசைகிற பதத்துக்கு வந்துவிடும். ஓடு ஊறிவிட்டால் அதை வெயிலுக்கு அனுப்பிவிட்டு அடுத்த ஓட்டுக்கு மாற்றுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். காய்ந்த ஓட்டில் தட்டை அதிக நேரம் விட்டால் அடிப்பக்கம் முந்திக் காய்ந்து, மேல்பக்கம் ஈரமாகவே நிற்கும். பிசைய, தண்ணீர் இறக்க ஓடு. உருவம் செய்யத் துணி. அப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பீங்கான் பித்தன்:

தட்டோடு யோசனை அருமை, தம்பி. கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் அடுத்த படி பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பலகை. 1971-ல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்கிற மண்பாண்டக் கூடம் தொடங்கிய பிறகு அந்தப் பக்கம் ஸ்டோன்வேர், அதாவது அதிகச் சூட்டில் சுட்டுக் கெட்டியாக்குகிற பாண்டம், செய்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஸ்டுடியோ வைத்திருப்பவர்களிடம் மண் பிசையப் பெரும்பாலும் இப்படி ஒரு பலகை இருக்கும்.

30 x 30 செ.மீ. அகலம், 4 செ.மீ. கனத்துக்கு இரண்டேகால் லிட்டர் தண்ணீர், ஏறத்தாழ மூன்றேகால் கிலோ பவுடர். பவுடரில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீரில் பவுடரைத் தூவி, ஓரிரு நிமிடம் ஊறவிட்டு, நுரை வராமல் அடியோடு மெதுவாகக் கலக்குங்கள். கரண்டி போன தடம் கலவையின் மேல் நிற்க ஆரம்பித்ததும் எண்ணெய் தடவிய பிளாஸ்டிக் தட்டில் ஊற்றிவிடுங்கள். இறுகும்போது நன்றாகச் சூடாகும், கையை உள்ளே விட்டுக்கொண்டு நிற்காதீர்கள். கலந்த பாத்திரத்தை சிங்க்கில் கழுவினால் பிளம்பருக்குத் தனியாகப் பணம் எடுத்துவைக்க வேண்டிவரும்.

வாங்கும்போது மோல்டிங்குக்கு என்று சொல்லி வாங்குங்கள். சுவர்ப்பூச்சுக்கு வருகிற ஜிப்சத்தில் தாமதமாக இறுகுவதற்கு மருந்து கலந்திருக்கும். ஊற்றிய பலகை முழுசாகக் காய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அவசரப்பட்டு அடுப்பில் காட்டினால் பிளாஸ்டர் பொடிந்து போகும்.

சூளைக்காரன்:

சிவகங்கைப் பக்கம், சட்டி பானை செய்கிற குடும்பம். பிளாஸ்டர் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அந்தப் பலகையில் கத்தி, கம்பி, சுரண்டி எதையும் பட விடாதீர்கள் அம்மா. ஒரு துணுக்கு மண்ணில் கலந்தாலும், சுட்டு எடுத்த பிறகு அது ஈரத்தை இழுத்து உப்பி, அந்த இடம் சில்லாகத் தெறித்துவிடும். சூளையிலிருந்து நல்லபடியாக வந்து, அலமாரியில் இருக்கும்போது தெறிக்கும். சுண்ணாம்புக் கல் கலந்த மண்ணிலும் இதே தொல்லை உண்டு. பொறுக்கி எடுக்காத ஏரி மண்ணில் கிளிஞ்சல், சுக்கான்கல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் ஒட்டாமல் இருக்கப் போடுவது சாம்பல். சலித்த விறகுச் சாம்பலைத் தரையிலும் தட்டுப்பலகையிலும் லேசாகத் தூவிக்கொண்டுதான் பானையின் அடியைத் தட்டுவோம். கிரானைட்டிலும் அது வேலை செய்யும். கோதுமை மாவு தூவாதீர்கள், மண்ணுக்குள் போனால் புளித்து நாறும்.

அந்த அடி விரிசலுக்குக் காரணம் வேறு. காயும்போது எல்லா மண்ணும் சுருங்கும். உங்கள் தட்டின் அடி மேடையைப் பிடித்துக்கொண்டிருப்பதால் அது சுருங்க வழியில்லை. ஓரம் காற்றுப் பட்டு முதலில் இறுகிவிடுகிறது. நடு பிறகு சுருங்கும்போது இரண்டு பக்கமும் விட்டுக்கொடுப்பதில்லை, நடுவில் கிழிகிறது. முனை ஓரத்தைத் தொடவில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே, அதுதான் அடையாளம். ஓரத்திலிருந்து உள்ளே ஓடுகிற விரிசல் என்றால் ஓரம் மெலிந்திருக்கிறது, அல்லது ஃபேன் காற்று அடிக்கிறது என்று அர்த்தம்.

மாடிவீட்டு மண்:

மிக்க நன்றி அண்ணா, பித்தன் சார், தம்பி. ஃபேன் கீழேதான் காயவைக்கிறேன், அதை உடனே மாற்றுகிறேன். அப்படியானால் செய்வதற்கு ஒரு பரப்பு, காயவைக்க வேறு பரப்பா? எவ்வளவு சுருங்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

சூளைக்காரன்:

ஆமாம், இரண்டும் வேறு. செய்து முடித்ததும் செய்தித்தாள் இரண்டு மடிப்பு, அல்லது மெல்லிய மணல் தூவிய பலகை. தாளோ மணலோ அடியில் இருந்தால் சுருங்கும் மண் வழுக்கிக்கொண்டு போகும். மேலே ஒரு பழைய பிளாஸ்டிக் கவரைத் தளர்வாகப் போர்த்தி முதல் நாள் விடுங்கள். ஓரம் இறுகியதும் கவிழ்த்துப் போட்டு அடிக்குக் காற்றுக் கொடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூடுதல் நாள் ஆகும், பொறுங்கள். உள்ளே ஈரத்தோடு சூளைக்குப் போனால் ஆவி கிளம்பி வெடிக்கும், பக்கத்திலிருப்பதையும் சேர்த்து உடைக்கும்.

சுருக்கம் பார்க்க, ஒரு பட்டைத் துண்டில் சரியாக 10 செ.மீ. கோடு கீறிக் காயவையுங்கள். காய்ந்ததும் 9.3 இருந்தால் நூற்றுக்கு ஏழு. சுட்ட பிறகு மறுபடி அளந்து பாருங்கள், மொத்தக் கணக்கு கிடைக்கும். பத்துக்கு மேல் போனால் சலித்த மணல் கொஞ்சம் சேர்த்துப் பிசையுங்கள்.

டெரகோட்டா அக்கா:

மண் நகை செய்கிறவள். ஜிமிக்கி, பதக்கம் மாதிரிப் பொடி வேலைக்குக் காடா ஒத்துவராதும்மா, நூல் வரி அப்படியே பதிந்துவிடும். நான் பளபளப்பான சுவர் டைல் ஒன்றில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு அதன்மேல் செய்கிறேன். எண்ணெய் சூளையில் எரிந்துவிடும். உன் குட்டிப் பொம்மைகளுக்கு இது போதும். பாலிமர் களிமண் பயன்படுத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அது வேறு சாதி: பிளாஸ்டிக் தட்டு, பெயின்ட் அடித்த மேஜையில் வைத்தால் பரப்பையே தின்றுவிடும். கண்ணாடியோ டைலோ மட்டும்.

தட்டோடு தம்பி:

அக்கா, பிசைவதை மறந்துவிட்டோம். மாடிவீட்டு அக்கா சமையல் மேடையில் பிசைகிறார் என்றால் உயரம் அதிகம். நின்றபடி கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வருகிற உயரமே போதும், அப்போதுதான் உடம்புப் பாரம் இறங்கும். தரையில் உட்கார்ந்து ஓட்டின் மேல் பிசைந்தாலும் சரி. சப்பாத்தி மாவு மாதிரி மடித்து மடித்து அழுத்தாதீர்கள், ஒவ்வொரு மடிப்பிலும் காற்று உள்ளே போகும். முன்னால் தள்ளி, பின்னால் உருட்டி, சற்றே திருப்பி, மறுபடி தள்ளுங்கள். பிறகு தூண்டில் நரம்பால் உருண்டையைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். வெட்டு முகத்தில் ஓட்டையோ வேறு நிறக் கோடோ தெரியாமல் இருந்தால் பதம்.

மாடிவீட்டு மண்:

காடா பலகை அடித்துவிட்டேன். நிஜமாகவே தானாகக் கழன்று வருகிறது! தாளின் மேல் காயவைத்த தட்டும் அகலும் விரிசல் இல்லாமல் நிற்கின்றன. தட்டில் துணியின் வரி விழுகிறது, அதுதான் குறை. அப்புறம், பலகையிலிருந்து பொடி பறக்கிறது, வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. துணியை உதறினால் போதுமா?

பீங்கான் பித்தன்:

வீட்டுக்குள் உதறவே கூடாது. காய்ந்த களிமண் பொடியில் சிலிக்கா இருக்கிறது, தினமும் நுரையீரலுக்குள் போவது நல்லதல்ல. துடைப்பத்தால் கூட்டாதீர்கள். வேலை முடிந்ததும் ஈரத் துணியால் பலகையைத் துடைத்து, தரையை ஈரமாக மெழுகிவிடுங்கள். காடாவைக் கழற்றிப் பக்கெட் தண்ணீரில் அலசிக் காயவைக்கலாம். கை கழுவுவதும் அதே பக்கெட்டில். மண் அடியில் தங்கியதும் மேல் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, வண்டலைத் தட்டோட்டில் போட்டால் மறுபடியும் மண்.

வரி போக, தட்டு தோல்பதம் (பாதி காய்ந்து, வளையாமல், கொஞ்சம் ஈரத்தோடு நிற்கிற பதம்) வந்ததும் பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பை வளைத்து ஒரே திசையில் இழுங்கள். அப்படி அழுத்துவதால் அடி இறுகி, விரிசல் வாய்ப்பும் குறையும்.

சூளைக்காரன்:

எங்கள் மாதிரி நாட்டுச் சூளையில் வைப்பதற்கு அடியில் சாம்பல் ஒட்டியிருந்தால் பரவாயில்லை. நாளைக்கே பித்தன் சாரைப் பார்த்து ஸ்டோன்வேருக்குப் போனால் சாம்பலைத் துடைத்துவிட்டுக் கொடுங்கள். 1200 டிகிரிக்கு மேல் அது உருகிக் கண்ணாடியாகி, தட்டைச் சூளைப் பலகையோடு ஒட்டிவிடும்.