பெட்டி பெல்ட்டில் வரவில்லை, கையில் ஒரு தாள் மட்டும் இருக்கிறது. இனி யாரைப் பிடிப்பது?

நீலக்கதவு:
நேற்று முன்தினம் இரவு அப்பாவோடு வந்து இறங்கினேன். நடுவில் ஓர் இடத்தில் விமானம் மாறினோம். இரண்டும் வேறு வேறு நிறுவனம், ஆனால் ஒரே டிக்கெட். என் பெட்டி வந்துவிட்டது, அப்பாவுடையது பெல்ட் நிற்கும்வரை வரவேயில்லை. கவுன்டரில் இருந்தவர் ஏதோ தட்டி ஒரு தாளைக் கொடுத்து, "கிடைத்ததும் கூப்பிடுவோம்" என்றார். இதுவரை கூப்பிடவில்லை. முதல் நிறுவனத்துக்குப் போன் போட்டால் இரண்டாவதைக் கேள் என்கிறார்கள், அவர்களைக் கேட்டால் முதலாவதைக் காட்டுகிறார்கள்.

அப்பாவின் காது கருவியை சார்ஜ் போடும் பெட்டகம் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. கருவி காதில்தான் இருக்கிறது, ஆனால் சார்ஜ் தீர்ந்துவிட்டது. எல்லாவற்றையும் அவருக்கு எழுதிக் காட்டிக்கொண்டிருக்கிறேன். பெட்டி இருக்கும் இடத்தைப் போனில் காட்டும் ஏர்டேக் ஒன்றையும் உள்ளே போட்டிருந்தேன். விமானம் மாறிய ஊரிலேயே நிற்பதாக அது காட்டுகிறது.

சாளர இருக்கை:
அந்தத் தாளில் பத்து இடங்கள் கொண்ட எண் இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் முதலில் ஐந்து ஆங்கில எழுத்து, பிறகு ஐந்து இலக்கம். இருந்தால் முறையான புகார் பதிவாகிவிட்டது என்று அர்த்தம். இல்லையென்றால் திரும்பப் போய் வாங்கி வாருங்கள்.

பழைய பெல்ட்காரன்:
இந்தக் கவுன்டருக்கு உட்புறம் நின்று வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

சாளர இருக்கை சொன்னது பி.ஐ.ஆர். எண், அதாவது பெட்டி வராததைப் பதியும் புகாரின் எண். முதல் மூன்று எழுத்து புகார் எழுதிய விமான நிலையம், அடுத்த இரண்டு எழுத்து நிறுவனம். அந்த இரண்டெழுத்து யாருடையதோ, அவர்களைத்தான் பிடிக்க வேண்டும். பெரும்பாலும் அது உங்களைக் கடைசியாக ஏற்றி வந்தவர்கள். இழப்பீடு என்று வரும்போது சட்டப்படி முதல் நிறுவனத்திடமும் கேட்கலாம், கடைசி நிறுவனத்திடமும் கேட்கலாம். ஆனால் தேடித் தரும் வேலை கடைசியாக ஏற்றி வந்தவர்களுடையது. "அவர்களைக் கேளுங்கள்" என்று மறுபடி சொன்னால் இந்த எண்ணை வாசித்துக் காட்டுங்கள்.

அடுத்து, "பெட்டி எங்கே?" என்று கேட்காதீர்கள். அதற்கு ஒரே பதில்தான் வரும்: தேடுகிறோம். "கடைசியாக எந்த இடத்தில் ஸ்கேன் ஆனது?" என்று கேளுங்கள். விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டாவின் 753-ஆம் தீர்மானம் 2018 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நான்கு இடங்களில் பெட்டியின் நடமாட்டம் பதிவாக வேண்டும்: பயணியிடமிருந்து வாங்கும்போது, விமானத்தில் ஏற்றும்போது, வேறு விமானத்துக்கு மாற்றும்போது, திருப்பிக் கொடுக்கும்போது. போர்டிங் பாஸில் ஒட்டித் தந்த துண்டில் டேக்கின் பத்து இலக்க எண் இருக்கும். அதைச் சொன்னால் மனம் இருப்பவர் பார்த்துச் சொல்வார். பெட்டி தவறுவது அதிகமும் விமானம் மாறும் இடத்தில்தான். உங்கள் ஏர்டேக்கும் அதையே சொல்கிறது.

பெட்டியின் அடையாளத்தைத் திருத்திக் கொடுங்கள். கவுன்டரில் அவசரமாக 'கறுப்பு, சக்கரம் வைத்தது' என்று போட்டிருப்பார்கள். தவறிய பெட்டிகள் நிற்கும் அறையைப் பார்த்தவருக்குத் தெரியும், அங்கே முக்கால்வாசி கறுப்பு, சக்கரம் வைத்தவைதான். டேக் கிழிந்துபோன பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பதைப் புகாரோடு ஒப்பிட்டுத்தான் ஆளைக் கண்டுபிடிப்போம். 'துணிமணி' என்று எழுதினால் பயனில்லை. 'காது கருவி சார்ஜர்' என்று எழுதினால் அடுத்த நிமிடம் பிடித்துவிடலாம்.

சார்ஜரை இன்றே வேறு வாங்குங்கள், அல்லது இரவல் பிடியுங்கள். அப்பாவைக் காக்க வைக்க வேண்டாம். ரசீது பத்திரம், தாமதத்தால் வந்த நியாயமான செலவு என்று பிறகு கேட்கலாம். மாற்று உடையும் அப்படித்தான். விலையுயர்ந்த கோட்டு எடுத்துவிட்டு ரசீதை நீட்டுபவர்களும் உண்டு, அவர்களுக்கு என்ன பதில் கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நீலக்கதவு:
நன்றி ஐயா. எண் இருக்கிறது. ஏர்டேக் படத்தை அவர்களுக்கு அனுப்பினால் மதிப்பார்களா? ஒருவேளை கிடைக்கவே இல்லையென்றால்?

சாளர இருக்கை:
போன் திரையைப் படம் பிடித்து அனுப்பாதீர்கள். 2024 கடைசியில் வந்த ஐபோன் மென்பொருளான ஐ.ஓ.எஸ். 18.2-இலிருந்து ஏர்டேக் இருக்கும் இடத்தை ஓர் இணைப்பாகவே பகிரலாம். ஒரு வாரத்தில் தானாகக் காலாவதியாகிவிடும். பல நிறுவனங்கள் அதைப் புகாரோடு சேர்த்துக்கொள்கின்றன.

பழைய பெல்ட்காரன்:
அனுப்புங்கள். ஆனால் வரைபடத்தில் புள்ளி தெரிகிறது என்பதற்காகப் பெட்டி தானே கிளம்பி வராது. அந்த ஊரில் ஒரு ஆள் போய் எடுத்து, புது டேக் கட்டி ஏற்ற வேண்டும். அதனால் இணைப்போடு டேக் எண்ணையும் சேர்த்தே அனுப்புங்கள்.

கிடைக்காவிட்டால்: சர்வதேசப் பயணத்துக்கு 1999 மாண்ட்ரியல் ஒப்பந்தம் இருக்கிறது. 21 நாள் கடந்தும் வராத பெட்டியைத் தொலைந்ததாகவே வைத்து இழப்பீடு கேட்கலாம். 2024 டிசம்பர் 28 முதல் உச்சவரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். இது பெட்டிக்கு இவ்வளவு என்ற கணக்கு இல்லை. எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு, அதன் மதிப்பு அவ்வப்போது மாறும். எல்லோருக்கும் முழுத்தொகையும் கிடைக்காது. உள்ளே இருந்தவற்றைப் பட்டியல் போட்டு விலை காட்ட வேண்டும், பழைய பொருளுக்குப் புது விலை தரமாட்டார்கள். அந்த உச்சவரம்பைவிட மதிப்பானது உள்ளே இருந்தால் செக்-இன் நேரத்திலேயே சொல்லி, தனிக்கட்டணம் கட்டி வரம்பைக் கூட்டிக்கொள்ள வழியுண்டு.

தூரதேசி:
அடுத்த மாதம் நானும் விமானம் மாறிப் போகிறேன். கிளம்பும் முன் என்ன கவனிக்கலாம்?

பழைய பெல்ட்காரன்:
பழைய டேக்கை எல்லோரும் கிழித்துவிடுவார்கள். பெட்டியின் பக்கவாட்டில் விரல் அகலத்துக்கு ஒட்டும் குட்டி பார்கோடு துண்டுகளை மறந்துவிடுவார்கள். ஸ்கேனர் அதைப் படித்துத் தொலைத்தால் பெட்டி ஒதுக்கப்பட்டுவிடும். சுரண்டி எடுங்கள். டேக் கட்டியதும் அதிலுள்ள மூன்றெழுத்தை நீங்களே வாசியுங்கள். எஸ்.ஜே.சி. என்றால் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே, எஸ்.ஜே.ஓ. என்றால் கோஸ்டாரிக்காவின் சான் ஹோசே. ஓரெழுத்தில் நாடே மாறிவிடும். பெயரும் போன் எண்ணும் எழுதிய தாள் ஒன்று உள்ளே, மேலாக இருக்கட்டும். திறந்த பெட்டியையும் மூடிய பெட்டியையும் ஒவ்வொரு படம் எடுத்து வையுங்கள். மருந்து, கண்ணாடி, சார்ஜர் எல்லாம் கைப்பையில். பவர் பேங்க் எப்படியும் கைப்பையில்தான் போக வேண்டும். தனித்தனி டிக்கெட் என்றால் நடுவில் நீங்களே பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கலாம், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நீலக்கதவு:
பெட்டி வீட்டுக்கே வந்துவிட்டது! சார்ஜர் பத்திரம். ஒரு சக்கரம் மட்டும் அடியோடு பிய்ந்திருக்கிறது. இதையும் கேட்கலாமா?

பழைய பெல்ட்காரன்:
கேளுங்கள், இன்றே. சேதத்துக்குக் கையில் வந்ததிலிருந்து ஏழு நாள்தான் கெடு, தாமதச் செலவுக்கு 21 நாள். இரண்டையும் எழுத்தில் கொடுங்கள், போனில் சொன்னது கணக்கில் வராது. டேக்கைக் கழற்றாமல் சக்கரத்தையும் டேக்கையும் சேர்த்துப் படம் எடுங்கள். சாதாரணத் தேய்மானம் என்று மறுத்துப் பார்ப்பார்கள். கீறல் தேய்மானம், சரி. சக்கரமே பிய்வது தேய்மானம் இல்லை என்று திருப்பி எழுதுங்கள்.