பென்டாக்ஸ் கே1000: பாதிப் படங்களில் ஒரு பக்கம் கறுப்பாக விழுகிறது, அவசர உதவி தேவை

திண்ணைவாசி (புதுச்சேரி):
வணக்கம். சென்ற மாதம் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பென்டாக்ஸ் கே1000 என்ற பழைய ஃபிலிம் கேமரா ஒன்றை வாங்கி, ஒரு ரோல் எடுத்து, கழுவி ஸ்கேன் செய்வதற்காகச் சென்னைக்கு அனுப்பியிருந்தேன். நேற்று படங்கள் வந்தன. பாதி நன்றாக இருக்கின்றன. மீதியில் ஒரு பக்கம் கறுப்பாக இருக்கிறது. சிலவற்றில் பக்கவாட்டிலும் சிலவற்றில் மேலேயும் கறுப்பு விழுந்திருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை தங்கைக்கு வளைகாப்பு. அதற்குள் இதைச் சரி செய்தாக வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உப்புக்காற்று (கடலூர் முதுநகர்):
இது பூஞ்சைதான், சந்தேகமே வேண்டாம். நம் கடற்கரை ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் பீரோவுக்குள் வைத்த லென்ஸ் தை பிறப்பதற்குள் சிலந்திவலை கட்டியதுபோல் ஆகிவிடும். லென்ஸை டார்ச் வெளிச்சத்தில் பின்பக்கமிருந்து பாருங்கள்.

மஞ்சக்குப்பம் வாசி:
பேட்டரியை மாற்றினீர்களா? எல்ஆர்44 பட்டன் செல் ஒன்றுதான் வேண்டும், பெட்டிக்கடையிலேயே கிடைக்கும்.

கறுப்புவெள்ளை (திருப்பாதிரிப்புலியூர்):
பேட்டரிக்கும் இதற்கும் தொடர்பில்லை. கே1000இன் ஷட்டர், அதாவது ஃபிலிமுக்கு ஒளியைத் திறந்து மூடும் திரை, முழுக்க முழுக்க இயந்திர விசையால் ஓடுவது. அந்தச் செல் ஒளிமானியின் முள்ளை ஆட்டுவதற்கு மட்டுமே. திண்ணைவாசி அவர்களே, நீங்கள் சொல்லாமல் விட்டவைதான் முக்கியமானவை. கறுப்பு விழுந்த படங்களை எந்த ஷட்டர் வேகத்தில் எடுத்தீர்கள்? ஃபிளாஷ் போட்டீர்களா? ஃபிலிம் எத்தனை ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு எண்)? நெகட்டிவ் கையில் இருக்கிறதா, ஸ்கேன் மட்டும்தான் வந்ததா?

உப்புக்காற்று:
பூஞ்சை இல்லையென்றால் பின்கதவின் நுரைப்பட்டை உளுத்துப்போய் வெளிச்சம் கசிகிறது. பழைய கேமரா எல்லாவற்றிலும் அது தார்போலப் பிசுபிசுத்துவிடும்.

பழைய ஷட்டர் (புதுச்சேரி):
இந்தக் கேள்விக்கு எத்தனை முறை விடை எழுதியிருப்பேன் என்று எனக்கே நினைவில்லை. கேட்பவர் தேடிப் படிப்பதில்லை, சொல்பவர் யோசிப்பதில்லை. கதவில் வெளிச்சம் கசிந்தால் ஃபிலிம் கூடுதலாக ஒளி பெற்று, நெகட்டிவ் அந்த இடத்தில் கறுத்து, படத்தில் வெளுப்பாகவோ ஆரஞ்சுத் தீற்றலாகவோ வரும். இவர் சொல்வது நேர்மாறானது. பூஞ்சையும் லென்ஸின் கண்ணாடிகள் மங்குவதும் படம் முழுவதையும் சோகை பிடித்ததுபோல் ஆக்குமே தவிர, ஒரு ஓரத்தை மட்டும் வெட்டி எடுக்காது. படம் எடுக்கும்போது கேமராவுக்குள் இருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடி மேலே ஏறத் தாமதித்தால் ஃபிலிம் சட்டத்தின் (ஒரு படம் பதியும் செவ்வகத்தின்) நீண்ட விளிம்பில் நிழல் விழும், குறுகிய விளிம்பில் விழாது. எனவே முதலில் ஒன்றைப் பாருங்கள்: மேலே கறுப்பு விழுந்த படங்கள் கேமராவை நெட்டுக்குத்தாக நிமிர்த்திப் பிடித்து எடுத்தவையா? அப்படியென்றால் அந்தக் கறுப்பும் குறுகிய விளிம்பில்தான் விழுந்திருக்கிறது.

திண்ணைவாசி:
ஆமாம், அவை எல்லாம் நிமிர்த்திப் பிடித்து எடுத்தவை. ஃபிளாஷ் போடவில்லை. 400 ஐஎஸ்ஓ ரோல். கடற்கரைச் சாலையில் காந்தி சிலையருகே எடுத்தவை 1/1000 நொடி, லென்ஸ் துளை எஃப்/11. வீட்டுத் திண்ணையில் எடுத்தவை 1/60, 1/125; அவை நன்றாக இருக்கின்றன. நெகட்டிவ் வந்திருக்கிறது, கறுப்பு விழுந்த இடம் அதில் வெறும் கண்ணாடிபோல் இருக்கிறது.

கறுப்புவெள்ளை:
பாதி விடையை நீங்களே சொல்லிவிட்டீர்கள். அந்த இடத்தில் ஒளியே படவில்லை, அதுவும் வேகம் கூடும்போது மட்டும் படவில்லை. நெகட்டிவ் கீற்றை ஜன்னலில் பிடித்துப் பாருங்கள்; நிமிர்த்தி எடுத்ததோ கிடத்தி எடுத்ததோ, எல்லாச் சட்டங்களிலும் ஒரே முனையில்தான் வெறுமை இருக்கும்.

பழைய ஷட்டர்:
இந்த விவரங்களை முதலிலேயே எழுதியிருந்தால் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும். கே1000இல் இரண்டு துணித்திரைகள் கிடைமட்டமாக ஓடுகின்றன. 1/60 வரை முன்திரை முழுவதும் விலகிய பிறகே பின்திரை கிளம்பும்; ஃபிளாஷ் ஒத்திசைவு, அதாவது ஃபிளாஷ் போடக்கூடிய உச்ச வேகம், 1/60 என்று வைத்திருப்பதும் அதனால்தான். அதற்கு மேலே போகப் போக, பின்திரை முன்திரையை நெருங்கித் துரத்துகிறது. 1/1000இல் இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் பிளவு மட்டுமே ஃபிலிமைக் கடந்து செல்கிறது. 1976 முதல் 1997 வரை செய்யப்பட்ட மாடல் இது. உங்கள் கையில் இருப்பது எந்த ஆண்டினது என்றாலும், பல ஆண்டுகள் பெட்டியில் கிடந்ததில் திரை சுற்றும் உருளையின் எண்ணெய் பிசினாக இறுகி முன்திரையை இழுத்துப் பிடித்திருக்கும். பின்திரை வழியில் அதை எட்டிப் பிடித்துவிடுகிறது. பிளவு மூடிக்கொண்ட இடத்திலிருந்து படம் கறுப்பு.

சோதிப்பது எளிது. ஃபிலிம் இல்லாமல் பின்கதவைத் திறந்து, லென்ஸைக் கழற்றி, வெளிச்சமான வானத்தை நோக்கிப் பிடித்து 1/1000இல் பத்து முறை அடியுங்கள். சட்டம் முழுவதும் ஒரே சீராகப் பளிச்சிட வேண்டும். ஒரு முனை இருண்டே இருந்தால் நோய் அதுதான். பிறகு 1/500, 1/250 என்று இறங்கி, எங்கே சரியாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மஞ்சக்குப்பம் வாசி:
கைப்பேசியில் நொடிக்கு 240 சட்டம் வீடியோ எடுத்தால் துல்லியமாகத் தெரியுமே?

கறுப்புவெள்ளை:
ஒரு சட்டத்துக்கு நான்கு மில்லிநொடிக்கு மேல் ஆகிறது, நாம் தேடுவதோ ஒரு மில்லிநொடி. ஒரு நொடி, அரை நொடி, 1/8 போன்ற மெதுவான வேகங்களைச் சரிபார்க்க அது நல்ல வழி. வேகமானவற்றுக்கு எங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் பழைய டப்பா டிவியே கருவி. 2006 தேர்தலுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி. அதன் திரை படத்தைக் கோடு கோடாக வரைகிறது; ஒரு கோடு வரைய 64 மைக்ரோநொடி ஆகும் என்பதால், 1/1000 சரியாக இருந்தால் ஷட்டர் வழியே பதினைந்து, பதினாறு கோடுகள் தடிமனுள்ள சாய்ந்த பட்டை தெரியும். பட்டை ஒரு முனையில் மெலிந்துகொண்டே போனால் திரைகள் ஒரே வேகத்தில் ஓடவில்லை என்று பொருள். புதிய தட்டை டிவியில் இது நடக்காது.

உப்புக்காற்று:
லைட்டர் பெட்ரோல் இரண்டு சொட்டு விட்டால் போதும், நான் இரண்டு கேமராவுக்குச் செய்திருக்கிறேன். பிறகு அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டால் ஈரமும் ஏறாது.

பழைய ஷட்டர்:
அந்த இரண்டு கேமராக்கள் இப்போது எப்படி இருக்கின்றன என்று கேட்கலாமா? பெட்ரோல் பிசினைக் கரைத்து வேறு இடத்தில் கொண்டுபோய்ப் படியவைக்கும். ரப்பர் பூசிய துணித்திரையில் பட்டால் திரையே பாழாகும். சிலர் அடித்தகட்டைக் கழற்றிச் சுருள்வில்லை ஒரு பல் இறுக்குவார்கள். அழுக்கை எடுக்காமல் வில்லை முறுக்குவது நொண்டி மாட்டைச் சாட்டையால் அடிப்பது போன்றது.

உப்புக்காற்று:
என் இரண்டு கேமராக்களும் ஓடுகின்றன. அரிசியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

கறுப்புவெள்ளை:
அரிசித் தவிடு ஃபோகஸ் வளையத்துக்குள் போனால் அரைத்துக்கொண்டே இருக்கும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் நீல சிலிக்கா ஜெல் போட்டு, அது இளஞ்சிவப்பாகும்போது வறுத்து எடுங்கள். ஈரப்பதம் நாற்பது, ஐம்பது விழுக்காட்டில் நின்றால் போதும்.

உப்புக்காற்று:
என் தாத்தா அரிசியில்தான் வைத்தார். வெயிலில் காய வைத்தாலும் பூஞ்சை சாகும்.

கறுப்புவெள்ளை:
செத்தாலும் அது லென்ஸின் பூச்சில் அரித்த தழும்பு போகாது, அண்ணா. திண்ணைவாசியின் சிக்கலுக்கு வருவோம். வளைகாப்பு வீட்டுக்குள் என்றால் 1/60, 1/125க்கு மேல் உங்களுக்குத் தேவையே படாது. அந்த வேகங்கள் நன்றாக ஓடுகின்றன என்பதற்கு உங்கள் திண்ணைப் படங்களே சாட்சி. வெள்ளிக்கிழமைக்குள் யாரையும் கேமராவைத் திறக்க விடாதீர்கள். வெயிலில் எடுக்க நேர்ந்தால் அதே 400 ரோலில் 1/250, எஃப்/22 வையுங்கள். இல்லையென்றால் 100 ஐஎஸ்ஓ ரோல் போட்டு 1/125, எஃப்/16.

பழைய ஷட்டர்:
1/250 சரியாக ஓடுகிறதா என்று நான் சொன்ன சோதனையைச் செய்துவிட்டு அதன் பிறகு அறிவுரை கூறலாம்.

திண்ணைவாசி (பதினெட்டு நாள் கழித்து):
தாமதத்துக்கு மன்னிக்கவும். மொட்டைமாடியில் சோதித்தேன்: 1/1000, 1/500 இரண்டிலும் ஒரு முனை இருட்டு, 1/250 சீராக இருந்தது. வளைகாப்பு ரோல் இன்று வந்தது, 36 படங்களிலும் கறுப்பு இல்லை. இரண்டு படங்களில் ஃபோகஸ் தவறியிருக்கிறது, அது என் பிழை. கேமராவைச் சுத்தம் செய்யக் கொடுத்திருக்கிறேன். நன்றி.

உப்புக்காற்று:
லென்ஸை டார்ச் அடித்துப் பார்த்தீர்களா?