வீட்டுக் கணினியில் இசையமைக்க விலை குறைந்த மென்பொருள் தேடியவர்களின் அனுபவங்கள்

நடுநிசி கீபோர்டு எழுதியது:

கணினிக்கு ஒலி தரும் சவுண்ட் கார்டும், வாசிப்பதைக் கட்டளைகளாகக் கணினிக்கு அனுப்பும் சிறிய மிடி கீபோர்டும் கையில் இருந்ததால், விலை குறைந்த மென்பொருள் ஒன்றை வாங்கி நிறுவினேன். என்னை இன்றும் உறுத்துவது, முதன்முதலாகக் கட்டையை அழுத்திய அந்தக் கணம்தான். விரலை எடுத்த பிறகே ஒலி வந்தது. மனத்தில் மெட்டு முன்னே ஓடிக்கொண்டிருக்க, காதில் விழுவதோ கடந்துபோன சுரமாக இருந்ததால், இரண்டாம் வரிக்கு மேல் வாசிக்கவே இயலவில்லை. விற்றவரிடம் கேட்டபோது, அதே மென்பொருளின் விலை உயர்ந்த பதிப்பை வாங்கினால் சரியாகிவிடும் என்றார். விலை குறைந்தவை எல்லாமே இப்படித்தானா?

ஒன்பது குரல் எழுதியது:

எனக்கு நேர்ந்தது வேறு. கருவிகளின் ஒலிப்பதிவுகளைக் கொண்டு ஒலிக்கும் வேவ்டேபிள் வகைக் கார்டில் புல்லாங்குழலுக்கென்று எழுதிய ஒரு மெட்டை, மிடி கோப்பாக நண்பரிடம் கொண்டு சென்றேன். அவர் கணினியில் இருந்தது, 1987-இல் வந்த ஆட்லிப் கார்டில் பயன்பட்ட அதே யமஹா ஒய்எம் 3812 சில்லு. அது ஓர் அலையால் இன்னோர் அலையை மாற்றி ஒலி உண்டாக்கும் எஃப்எம் முறையில், ஒரே நேரத்தில் 9 குரல்களை, அதாவது 9 சுரங்களை மட்டுமே எழுப்பும். குழல் ஊதல் போலக் கீச்சிட்டதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் எல்லாக் கருவிகளும் ஒன்றுசேரும் இறுதிக் கட்டத்தில் குரல்கள் போதாமல், எந்தச் சுரத்துக்காக அந்த மெட்டையே எழுதினேனோ அது பாதியில் அறுந்துபோனது. அவர் நன்றாக இருக்கிறது என்றே சொன்னார்.

மிடி கோப்பில் ஒலி இருப்பதில்லை. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தமாக என்ற கட்டளைகளே இருக்கின்றன. 1991-இல் வந்த ஜெனரல் மிடி வரையறை 128 கருவிகளுக்கு எண் கொடுத்தது. அவை எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை அந்தந்தச் சாதனத்துக்கே விட்டுவிட்டது.

தந்திக்கருவி எழுதியது:

முதலில் எழுதியவருக்கு விற்பனையாளர் சொன்ன பதிலை நான் ஏற்கவில்லை. எனக்கும் அதே தாமதம் இருந்தது. ஒலியைக் கார்டுக்கு அனுப்புமுன் சேர்த்துவைக்கும் இடமான பஃபரைக் குறைத்த மறுநொடி ஒலி விரலோடு ஒட்டிக்கொண்டதை என்னால் மறக்க முடியாது. ஒரு காசும் செலவாகவில்லை.

அவர் கேட்கவில்லை என்றாலும் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸுடன் வரும் மைக்ரோசாஃப்ட் ஜிஎஸ் வேவ்டேபிள் சிந்த் என்ற ஒலி எழுப்பும் மென்பொருள், மிடி கோப்புகளை ஒலிக்கவிடப் போதுமானதே தவிர, நேரடியாக வாசிப்பதற்கு மிகவும் மெதுவானது. ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம் உருவாக்கிய ஏசியோ முறை, விண்டோஸின் இடைப்பட்ட அடுக்குகளைத் தவிர்த்து ஒலியைக் கார்டுக்கு அனுப்புகிறது. கார்டுக்கென்று தனியாக ஏசியோ டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) இல்லாவிட்டால், இலவசமாகக் கிடைக்கும் ஏசியோ4ஆல் டிரைவரை நிறுவலாம். பிறகு பஃபர் அளவைப் பாருங்கள். நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியின் அளவீடுகள்) என்ற வேகத்தில் 2048 மாதிரிகள் கொண்ட பஃபர் ஒன்றே ஏறத்தாழ 46 மில்லிநொடி தாமதத்தைச் சேர்க்கும். 512 என்றால் அது ஏறத்தாழ 12 மில்லிநொடியாகக் குறையும். அதற்கும் கீழே இறக்கலாம், ஆனால் கணினியால் ஈடுகொடுக்க முடியாத நிலையில் ஒலி படபடவென்று வெடிக்கத் தொடங்கும். வெடிப்பு நிற்கும் அளவுக்குச் சற்று ஏற்றி, அங்கேயே விட்டுவிடுவது நல்லது. கருவிகளின் ஒலி பிடிக்கவில்லை என்றால் கருவிகளின் ஒலிப்பதிவுகள் அடங்கிய சவுண்ட்ஃபான்ட் கோப்பு நல்லதாக ஒன்றைத் தேடுங்கள். இலவசமாகவே பல இருக்கின்றன.

மூடிய கோப்பு எழுதியது:

தாமதத்தைப் பற்றி மேலே இவ்வளவு நீளமாக எழுதியவர், விலை குறைந்த மென்பொருளில் அதைவிடப் பெரிய ஆபத்து இருப்பதைச் சொல்லவில்லை. நான் எடுத்தது சோதனைப் பதிப்பு. மாலை முழுவதும் உட்கார்ந்து ஒரு மெட்டை முடித்துச் சேமிக்கும் பொத்தானை அழுத்தினால், முழுப் பதிப்பை வாங்குங்கள் என்ற சிறிய பெட்டி திரையில் எழுந்தது. மெட்டு கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் அதை எடுத்துக்கொள்ள வழியில்லை. திரையைப் பார்த்துக் காகிதத்தில் எழுதிக்கொண்டேன்.

எனவே எதை நிறுவினாலும், முதல் நாளே இரண்டு சுரம் எழுதிச் சேமித்து, மிடியாகவும், மற்ற மென்பொருள்களும் படிக்கக்கூடிய இசைக்குறிப்பு வடிவமான மியூசிக்எக்ஸ்எம்எல் கோப்பாகவும் வெளியே எடுக்க முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள். சுரங்களைத் தாளில் எழுதுவது போல எழுத விரும்புபவர்களுக்கு மியூஸ்ஸ்கோர் இலவசம். அடுக்கடுக்காகத் தாளமும் கருவிகளும் சேர்க்க எல்எம்எம்எஸ் இலவசம். ஒலிப்பதிவு மென்பொருளான ரீப்பர் விலைக்குரியது, இருந்தாலும் 60 நாள் சோதனைக் காலத்தில் எந்த வசதியையும் பூட்டி வைப்பதில்லை. அந்த நேர்மைக்காகவே நான் அதைப் பரிந்துரைக்கிறேன்.

வளைந்த சுரம் எழுதியது:

சேமிப்பதிலும் தாமதத்திலும் எனக்குத் தொல்லை இல்லை. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் குரலைக் கொண்டுவர, சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தைத் திருப்பினேன். மெட்டோடு சேர்ந்து, அடியில் அசையாமல் நிற்க வேண்டிய துணைச் சுரங்களும் ஒட்டுமொத்தமாக மேலே வழுக்கின. வயிற்றைப் புரட்டும் அந்த ஒலி இன்னும் காதில் இருக்கிறது. பிட்ச் பெண்ட் என்பது தனிச் சுரத்துக்கான கட்டளையன்று, கட்டளைகள் செல்லும் தடமான சேனல் முழுவதற்குமானது. மிடியில் 16 சேனல்கள் இருப்பதால் மெட்டை மட்டும் தனிச் சேனலுக்கு மாற்றினேன்; ஜெனரல் மிடியில் 10-ஆவது தாளவாத்தியங்களுக்கு உரியது என்பதால் அதைத் தொடவில்லை. சக்கரத்தின் எல்லை வழக்கமாக மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம் மட்டுமே. அதை விரிவாக்க, நான் வைத்திருக்கும் இலவச மென்பொருளிலேயே இடம் இருந்தது.