ஊரில் வீட்டுக்கடன் பாக்கி: எவ்வளவு அனுப்பினால் நேராகும்?

ஜூரோங் புதுவரவு: அண்ணன்மாரே, அவசரம். எஸ் பாஸ் வேலை அனுமதியில் இப்போதுதான் சிங்கப்பூர் வந்திருக்கிறேன். திருச்சி வீட்டின் மேல் பேங்க் லோன், மாதத் தவணை 31,200 ரூபாய். ஆறு மாதமாகக் கட்டவில்லை. அதே வீட்டின் மேல் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியிலும் பிறகு கடன் வாங்கினோம், அதை அப்பா ஒழுங்காகக் கட்டுகிறார். ஆறு தவணைக்கு 1,87,200 அனுப்பினால் பேங்க் விட்டுவிடுமா? அப்பா போனில் அழுகிறார்.

ஈசூன் அண்ணன்: தம்பி, இங்கே கடன் வாங்கி மட்டும் அனுப்பாதே. லைசென்ஸ் உள்ள இடத்திலேயே மாதத்துக்கு 4 சதவீதம் வரை வட்டி வாங்கலாம். நான் வந்த புதிதில் வாடகைக்கும் டெபாசிட்டுக்கும் போக, சாப்பாட்டுக்கே எண்ணி எண்ணித்தான் செலவழித்தேன். அந்த முதல் சில மாதங்கள் எல்லோருக்கும் அப்படித்தான். பொறுத்துக்கொள்.

பொங்கோல் அக்கா: எதைப் பொறுப்பது? வீட்டை விற்று இரண்டு கடனையும் அடைத்துவிடு தம்பி, நிம்மதி.

ஈசூன் அண்ணன்: அப்பா அம்மா குடியிருக்கும் வீடு அக்கா. விற்றால் எங்கே போவார்கள்?

உட்லண்ட்ஸ்: ஏஜெண்டுக்குக் கொட்டிய காசு கையில் இருந்திருந்தால் இந்த நிலைமையே வராது. எல்லோர் கதையும் இதுதான். வெள்ளிக்கு ரூபாய் ரேட்டும் நாம் அனுப்பும் அன்றைக்குத்தான் இறங்குகிறது.

தேக்கா கணக்கு: அந்தப் பேச்சு அப்புறம். தம்பி, கடன் யார் பெயரில்? பேங்கிலிருந்து நோட்டீஸ் வந்ததா?

ஜூரோங் புதுவரவு: என் பெயரில்தான் அண்ணா. நோட்டீஸ் வந்திருக்கிறது. 13(2) என்று போட்டு முழுக் கடனையும் கேட்கிறார்கள். தேதி பார்த்தால் 40 நாள் ஆகிவிட்டது.

தேக்கா கணக்கு: இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் தம்பி. 90 நாளுக்கு மேல் பாக்கி நின்றதும் கணக்கு என்.பி.ஏ., அதாவது வாராக்கடன், ஆகிவிடும். அதற்கு அடுத்துதான், கோர்ட்டில் வழக்குப் போடாமலே அடமான வீட்டை பேங்க் எடுக்க வழிவிடும் 2002ஆம் வருட சர்ஃபாசி சட்டத்தின் 13(2) பிரிவில் இந்த நோட்டீஸ். கெடு 60 நாள். அதாவது உன் கையில் இருப்பது 20 நாள். அது போனால் வீட்டைக் கையகப்படுத்தும் வேலையைத் தொடங்கலாம்.

1,87,200 போதாது. தவணை திரும்பிய ஒவ்வொரு முறைக்கும் பவுன்ஸ் கட்டணம், தாமத அபராதம், வக்கீல், நோட்டீஸ் செலவு எல்லாம் ஏறியிருக்கும். பணம் போய்ச் சேருவதற்குள் ஏழாவது தவணை தேதி வந்தால் 2,18,400 ஆகிவிடும், மற்றதெல்லாம் அதற்கு மேல். கொஞ்சம் குறைத்துக் கட்டினாலும் என்.பி.ஏ. மாறாது. முழுப் பாக்கியும் தீர்ந்தால்தான் கணக்கு பழைய நிலைக்கு வரும் என்பது ரிசர்வ் பேங்க் விதி.

அதனால் இன்றே கிளைக்கு மெயில் போடு. எந்தத் தேதி வரைக்கும் எவ்வளவு கட்டினால் கணக்கு சீராகும் என்று இனம் இனமாகக் கேள். அபராதத்தை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போட்டிருக்கிறார்களா பார், ரிசர்வ் பேங்க் அதைத் தடுத்திருக்கிறது. அந்தத் தொகையைக் கட்டினால் நோட்டீஸை மேலே கொண்டுபோக மாட்டோம் என்று எழுத்தில் வாங்காமல் அனுப்பாதே. ஏனென்றால் அவர்கள் கேட்டிருப்பது பாக்கியை மட்டும் அல்ல, முழுக் கடனையும். நோட்டீஸுக்கு உன் பதிலையும் எழுத்தில் கொடு, 15 நாளுக்குள் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். அப்பா நேரில் பேச உன் கையெழுத்தோடு அனுமதிக் கடிதமும் அனுப்பிவிடு.

பொங்கோல் அக்கா: அப்போ ஃபைனான்ஸ் கம்பெனி?

தேக்கா கணக்கு: ஏலம் வந்தால் முதல் அடமானம் வைத்த பேங்க்தான் முதலில் எடுக்கும் அக்கா. மிச்சம்தான் இரண்டாமவருக்கு. அங்கே ஒழுங்காகக் கட்டுவதால் வீடு தப்பாது. இரண்டையும் சமாளிக்க முடியாவிட்டால், அந்தக் கம்பெனியிடம் இப்போதே அவகாசம் கேட்டுவிட்டு பேங்க் பாக்கியை முடிக்க வேண்டும்.

ஜூரோங் புதுவரவு: மெயில் இப்போதே போடுகிறேன் அண்ணா.

தேக்கா கணக்கு: போடு. பணத்தை லோன் கணக்குக்கே செலுத்தி ரசீது வாங்கு. பேங்க் கொடுக்கும் தொகையை இங்கே எழுது, சேர்ந்து சரிபார்ப்போம்.