புதுப்பிப்பு: ரத்தக் காட்டேரி அரசன் ஆற்றைத் தாண்டிட்டான்

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றிங்க. நான் எழுதிட்டிருந்த கதை முடிஞ்சுது.

நான் கேட்டிருந்தது இதுதான்: கொங்கு 24 நாடுகளிலும் சிதறிக் கிடக்கிற ரத்தக் காட்டேரிகளை ஒரே குடைக்கீழ் கொண்டுவரப் பாடுபடுறான் ஓர் அரசன். ஆனா ஐரோப்பியக் கதைமரபுப்படி ஓடுற தண்ணியை அவங்களால தாண்ட முடியாது. இங்கயோ பவானி, நொய்யல், அமராவதின்னு திரும்பின பக்கமெல்லாம் ஆறு. கூட்டத்தை எங்க கூட்டுவான்?

பரிசல்ல ஆத்தைத் தாண்ட வைக்கிற யோசனையை எழுதிப் பார்த்தேன், ஒட்டலை. கல்யாண உறவு வச்சு ஒண்ணு சேர்க்கிற யோசனையும் சரிவரலை. கைகொடுத்தது கரூர் அக்கா சொன்னதுதான்: "நொய்யல் மழையை நம்புற ஆறு, கோடையில வெறும் மணல். அப்பக் கூட்டுங்க." இன்னொரு சிக்கலும் அதுலயே தீர்ந்துச்சு. அழைக்காம அடுத்தவங்க வீட்டுக்குள்ள காட்டேரி நுழைய முடியாது. ஆத்து மணல் யாரோட வீடும் இல்லீங்களே!

எதிர்பாராதது ஒண்ணு. கதை நடக்கிறது 13ஆம் நூற்றாண்டு. சரிபார்க்கறப்போ காலிங்கராயன் வாய்க்கால் குறுக்க வந்துச்சு. பவானி ஆத்துல அணை கட்டி நொய்யல் வரைக்கும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வெட்டினது, 1283ல முடிஞ்சதாச் சொல்றாங்க. காவிரியை ஒட்டியே போறதால, தண்ணி விட்ட அன்னிக்கு நடுவுல இருக்கிற நிலம் தீவு மாதிரி ஆயிடும், அங்க இருக்கிற காட்டேரிகளும் மாட்டிக்குவாங்க. அரசனுக்குக் கெடு கிடைச்சுது. கதைக்கு உயிர் வந்ததே அதுலதானுங்க.

1283க்கு அப்புறம் கதை வைக்கிறவங்க அந்தக் காவிரிக்கரைக் கூட்டத்தைத் தனியா யோசிச்சுக்கோங்க.