கொத்தமல்லித் தழைச் சாறு சிறுநீரகத்தைச் சுத்தம் செய்யுமா?

கேள்வி:
இதயத் துடிப்பு சீராக இல்லாததால், என் தந்தை மருத்துவர் சொற்படி, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். ஒரு கட்டுக் கொத்தமல்லித் தழையை அரைத்து வெறும் வயிற்றில் குடித்தால் சிறுநீரகக் கழிவெல்லாம் வெளியேறிவிடும் என்று ஒரு காணொளியில் பார்த்ததிலிருந்து, அதைக் குடித்தே தீருவேன் என்கிறார். அன்றாடம் உணவில் தூவும் தழைதானே, என்ன வந்துவிடும் என்கிறார் அம்மாவும். விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1:
ஐயா, தயவுசெய்து இப்போதைக்குத் தடுத்து வையுங்கள். நூறு கிராம் பச்சைத் தழையில் ஏறத்தாழ 310 மைக்ரோகிராம் வைட்டமின் கே உள்ளது. வளர்ந்த ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்குப் போதுமானதாகக் கருதப்படும் அளவோ 120 மைக்ரோகிராம்தான். இரத்தம் உறைவதற்கான புரதங்களைக் கல்லீரல் உருவாக்குவதற்கு இந்த வைட்டமின் தேவை. அது உடலில் மீண்டும் மீண்டும் பயன்படுவதைத் தடுத்துத்தான் வார்ஃபரின் வேலை செய்கிறது. தூவும் ஐந்து கிராமால் பெரிய மாற்றம் எதுவும் வராது. ஆனால் ஐம்பது கிராமை அரைத்துத் தினமும் குடித்தால், மாத்திரையின் வீரியம் குறைந்து ஐஎன்ஆர் (இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் பரிசோதனை எண்) அளவு இறங்கிவிடலாம்.

இதில் பலரும் கவனிக்காத இன்னொரு சிக்கலும் உண்டு. சாற்றைப் பற்றி அறியாத மருத்துவர் ஐஎன்ஆர் குறைந்திருப்பதைக் கண்டு மாத்திரையின் அளவைக் கூட்டிவிட, சலித்துப்போய் உங்கள் தந்தை ஒரு நாள் சாற்றை நிறுத்திவிட்டால், அப்போது இரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் வந்து சேரும். எனவே கீரையையும் தழையையும் அடியோடு ஒதுக்கச் சொல்லவில்லை. வாரத்துக்கு வாரம் அளவு ஏறி இறங்காமல் இருப்பதே முக்கியம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் அபிக்ஸபான் போன்ற புதிய மருந்துகளுக்கு இந்தத் தொல்லை இல்லை என்றாலும், மருந்தை மாற்றுவது மருத்துவரின் முடிவு.

மறுமொழி 2:
சிறுநீரகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, அதில் பெரும்பகுதியை உடலுக்கே திருப்பித் தரும் உறுப்பு. அழுக்கு படிந்து கழுவக் காத்திருக்கும் சல்லடை அல்ல. கொத்தமல்லி மனிதர்களின் சிறுநீரகக் கல்லைக் கரைக்கும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் கிடையாது. குடித்தவர்களுக்குச் சுகம் தெரிந்திருந்தால், கூடவே உள்ளே போன தண்ணீரே அதற்குக் காரணமாக இருக்கலாம். மேலும், நூறு கிராம் தழையில் 500 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருப்பதால், அதைச் சரிவர வெளியேற்ற முடியாத, சிறுநீரகம் ஏற்கெனவே பழுதடைந்தவர்களுக்கே இந்தச் சாறு கூடுதல் சுமையாகிறது. யாருக்காக இதைப் பரிந்துரைக்கிறார்களோ, அவர்களுக்கே ஆகாது என்பதுதான் வேடிக்கை.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அரைக்காமல், கொதிக்க வைத்து வடிகட்டிய நீரை மட்டும் குடிக்கலாமா?

மறுமொழி 1:
வைட்டமின் கே கொழுப்பில் கரைவது என்பதால், அதன் பெரும்பகுதி சக்கையிலேயே தங்கிவிடும். பொட்டாசியம் நீரில் இறங்கிவிடும். ஆகவே வார்ஃபரினைப் பொறுத்தவரை அரைத்த சாற்றைவிடத் தேவலை; ஆனாலும் சிறுநீரகத்துக்கு அதனால் புதிதாக எந்த நன்மையும் இல்லை. அடுத்த ஐஎன்ஆர் பரிசோதனைக்குப் போகும்போது மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்க வேண்டாம்.

மறுமொழி 3:
மேலே சொன்னவற்றைப் படித்துவிட்டுத் தழையையே பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதில் வைட்டமின் சி இருக்கிறது, பீட்டா கரோட்டினும் இருக்கிறது. பின்னது உடலில் சேர உணவில் சிறிது எண்ணெய் இருக்க வேண்டும் என்பதால், வெறும் வயிற்றுச் சாற்றைவிடச் சாப்பாட்டோடு சேர்ப்பதே பயன் தரும். மணத்தைத் தரும் ஆல்டிஹைடுகள் சூட்டில் விரைவில் ஆவியாகிவிடும். ஆகையால் அடுப்பை அணைத்த பின்பு நறுக்கித் தூவுங்கள். அதற்கு முன் வேரோடு ஒட்டிய மண் போகும்வரை இரண்டு மூன்று முறை தண்ணீரை மாற்றி அலசிவிடுங்கள்.