சொந்த சேர்வர் எண்டா எல்லாம் ரகசியமாம்!

காலி_வீதி: பல சேர்வர் சேர்ந்து ஓடுற மேட்ரிக்ஸ் எண்ட செட் வலையமைப்புக்கு மாறி, அதுக்கான சினாப்ஸ் மென்பொருளோட சொந்தமா சேர்வர் போட்டா ஒரு காக்கா குருவிக்கும் ஒண்டும் தெரியாதாம். நேற்று ஒருத்தர் அளந்து விட்டிருக்கிறார். ரியாக்‌ஷன் எண்டு மெசேஜுக்குப் போடுற இமோஜி என்க்ரிப்ட் ஆகிறதில்ல, பூட்டில்லாமத்தான் போகுது ஐயா. நீங்க போடுற தம்ஸ்-அப் சேர்வருக்கு வெட்டவெளிச்சம்.

பம்பலப்பிட்டி_லினக்ஸ்: அந்த ஒருத்தர் நான்தான், பேரைச் சொல்லியே ஏசலாம். மெசேஜ் முழுக்க மெகோல்ம் எண்ட முறையில பூட்டித்தான் போகுது. 100 மெசேஜ் இல்லாட்டி ஒரு கிழமை, எது முந்துதோ அதோட திறப்பு மாறும். ஒரு தம்ஸ்-அப்பில போய்த் தொங்குறீங்களே!

காலி_வீதி: தொங்கத்தான் செய்வன். சேர்வரின்ர தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ்ஸைத் திறந்து ஈவென்ட்_ஜேசன் டேபிளைப் பாருங்கோ. மெசேஜ் வரியில விளங்காத எழுத்துக் குவியல். எம்.ரியாக்‌ஷன் வரியில ஆர் போட்டது, எத்தனை மணிக்கு, எந்த மெசேஜுக்கு, எந்த இமோஜி, எல்லாம் அப்பிடியே கிடக்கும். "5 மணிக்கு காலிமுகத்திடல், ஆர் வாறீங்க?" எண்டதுக்குப் பத்துப் பேர் தம்ஸ்-அப் போட்டா, கேள்வியை வாசிக்காமலே பத்துப் பேரும் கையில. குரூப்பின்ர பேரும் பூட்டில்லாமத்தான் போகுது.

மருதானை_மெஷ்: 2022 ஏப்ரல் 3 ஃபேஸ்புக், வட்ஸ்அப் எல்லாம் அடைச்சாங்களே நானா, மறந்துட்டீங்களா? பிரையர் எண்ட செட் ஆப் போடுங்க. சேர்வரே இல்ல, நெட் இல்லாட்டி புளூடூத்தில போகும்.

காலி_வீதி: தம்பி, புளூடூத் மருதானை ஸ்டேஷனைத் தாண்டாது. ஐஃபோனுக்கு பிரையரே இல்ல. நான் கேட்டது ரியாக்‌ஷன்.

பம்பலப்பிட்டி_லினக்ஸ்: என்ர சேர்வர் என்ர வீட்டில. டேபிளை என்னைத் தவிர ஆர் பார்க்கிறது?

மருதானை_மெஷ்: 2022 மார்ச்சில 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினாங்க. வீட்டு சேர்வராம்!

பம்பலப்பிட்டி_லினக்ஸ்: யூபிஎஸ் எண்டு ஒரு சாமான் இருக்கு.

காலி_வீதி: யூபிஎஸ்ஸை விடுங்கோ. அந்த குரூப்பில வேற சேர்வர் ஆள் ஒருத்தர் இருந்தாலே தம்ஸ்-அப்பின்ர பிரதி அங்கயும் போகும். இஞ்ச அழிச்சா அங்கயும் அழிப்பாங்கள் எண்டதுக்கு என்ன உத்தரவாதம்?

பம்பலப்பிட்டி_லினக்ஸ்: எந்த வெளி சேர்வரோட பேசலாம் எண்டு சொல்லுற ஃபெடரேஷன்_டொமைன்_வைட்லிஸ்ட் செட்டிங்கை ஒரு பேரும் இல்லாத லிஸ்ட்டா விட்டா வெளி சேர்வர் ஒண்டும் ஒட்டாது. ரெண்டு நிமிஷ வேலை.

காலி_வீதி: எல்லா சேர்வரையும் வெட்டிப்போட்டு இதுக்குப் பேர் பரவலாக்கமோ? சிக்னல் எண்ட செட் ஆப்பில ரியாக்‌ஷனும் பூட்டித்தான் போகுது.

பம்பலப்பிட்டி_லினக்ஸ்: சிக்னல்! பதியவே ஃபோன் நம்பர் வேணும், ஓடுறது அமேசன் சேர்வரில. நல்லாயிருக்கு உங்கட பிரைவசி.

காலி_வீதி: நம்பரைப் பற்றி ஆர் கேட்டது? டேபிளைத் திறந்து எம்.ரியாக்‌ஷன் வரி ஒண்டை ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் போடுங்கோ.

பம்பலப்பிட்டி_லினக்ஸ்: நீங்க முதல்ல சேர்வர் ஒண்டு போடுங்கோ.